நாலு முதல் ஆறு வரை மாடியில்

ஃப்ளெக்ஸ் அடிப்பவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "யார் படம்ணே போடணும்?" என்பதுதான்.

"படம் எதுக்கு? சாயங்காலம் நாலுலருந்து ஆறு வரைக்கும் ஒரு தட்டு வாங்கினா இன்னொரு தட்டு சும்மான்னு போடுங்க. போதும்."

அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மொகம் இல்லாத போர்ட மதுரையில எவன்ணே நிமிந்து பாப்பான்? காதுகுத்துக்கே நாப்பது மொகம் போடுறோம்."

நியாயமான பேச்சு. ஆனால் என் முகத்தைப் பார்த்து யாருக்கும் பசிக்காது. என் மனைவியின் முகத்தைப் போட்டால் அன்றைக்கே என் முகத்துக்கு மாலை போட வேண்டியிருக்கும். "சிரிச்ச மொகமா எதையாவது போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்கு அனுபவித்தேன்.

எங்கள் கடை கப்பலூரில், நாலுவழிச் சாலையை ஒட்டி, தொழிற்பேட்டைக்குத் திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. கீழே மதியம் சாப்பாடு, ராத்திரி பரோட்டா. மாடியில் பன்னிரண்டு மேசை போட்ட ஏசி ஹால், அதை ஒட்டியே அடுப்படி. அந்த ஹால் என் மனைவி அடம்பிடித்து எடுக்க வைத்தது. அடுப்படி முழுக்க அவள் பொறுப்பு. ஒருநாள் கரண்டியை என் பக்கமாக நீட்டிக்கொண்டு சொன்னாள்: "இம்புட்டுப் பொம்பளைங்க கம்பெனிக்கு வேலைக்கு வாராக. பசிச்சா பார்சல் வாங்கி பஸ் ஸ்டாப்புல நின்னு திங்குறாக. உக்காந்து திங்க ஒரு எடம் வேணாமா?" கரண்டி நீட்டிக் கேட்ட கேள்விக்கு வேறு பதில் ஏது? மாடியையும் சேர்த்து வாடகைக்கு எடுத்தோம்.

மதியம் மாடி பாதி நிறையும். ராத்திரி குடும்பங்கள் வரும். நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில்தான் ஒரு ஈ கூட ஏறாது. பன்னிரண்டு மேசையும், சுற்றியிருக்கிற நாற்காலிகளும், பெண் பார்க்க வந்த வீட்டில் யார் முதலில் பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

எங்கள் கெட்ட நேரம், மாதம் ஒருமுறை வாடகைக்கு வருகிற கட்டட ஓனருக்கு அந்த நேரத்தில்தான் தூக்கம் தெளியும். திருமங்கலத்தில் மதியச் சாப்பாடு, ஒரு தூக்கம், முகம் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தால் சரியாக நாலரைக்கு எங்கள் மாடிப்படி. மதியக் கூட்டத்தையும் அவர் பார்த்ததில்லை, ராத்திரிக் கூட்டத்தையும் பார்த்ததில்லை. அவர் கண்ணில் அந்த மாடி எப்போதுமே காலி.

ஆடி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் வந்தவர், நடு ஹாலில் நின்று ஒரு கைதட்டு தட்டினார். எதிரொலி வந்தது.

"பாத்தியா தம்பி? ஆளு இருந்தா இப்பிடிச் சத்தம் திரும்புமா?" என்றார். "என் மச்சினன் டயர் ஷோரூம் வைக்க எடம் தேடுறான். ஆடியில யாரும் புதுசா எதுவும் தொடங்க மாட்டான். அதனால ஒனக்கு ஒரு மாசம் இருக்கு. ஆடி முடியுறதுக்குள்ள இந்த மாடி நெறைஞ்சிருக்குறத நான் என் கண்ணால பாக்கணும். இல்லையா, ஆவணி மொத முகூர்த்தத்துல டயரு ஏறும். கீழ் கடைய நீயே வச்சுக்க."

"அண்ணே, மதியம் ஒருநாள் வந்து பாருங்களேன்."

"மதியம் நான் தூங்கணும்ல?"

அவர் மீது கோபப்படவும் முடியவில்லை. மதியத் தூக்கம் விஷயத்தில் மதுரைக்காரர்கள் யாரும் யாரிடமும் பேரம் பேசுவதில்லை.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. பெங்களூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, அங்கே ஒரு ஹோட்டல் வாசலில் 'ஹாப்பி ஹவர்' என்று எழுதிப் போட்டிருந்ததைப் பார்த்தேன். சந்தோஷத்துக்குக்கூட நேரம் போட்டு வைத்திருக்கிறார்களே என்று நின்று பார்த்தேன். உள்ளே வெறிச்சோடிப் போகிற நேரத்தில், எதை வாங்கினாலும் இன்னொன்று சும்மா. இடம் நிரம்பி வழிந்தது. அது சரக்கு விற்கிற இடம். நம்மிடம் இருப்பது கோலா உருண்டை, சுக்கா, வாழைப்பூ வடை, நன்னாரி சர்பத். அதனால் என்ன, சந்தோஷம் சந்தோஷம்தானே என்று நினைத்தேன்.

ஃப்ளெக்ஸ் வந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண், பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறாள். கையில் நீளக் காம்பு வைத்த கண்ணாடிக் கிளாஸ். கிளாஸ் விளிம்பில் எலுமிச்சைத் துண்டு, அதில் பொம்மைக் குடை ஒன்று. மேலே பெரிய எழுத்தில் 'ஹாப்பி ஹவர்'. கீழே, உற்றுப் பார்த்தால் மட்டும், கோலா உருண்டை.

முதல் நாள் மூன்று பேர் மாடி ஏறினார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உட்கார்ந்து மெனு அட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, மூத்தவர் என் காதருகே வந்து, "அண்ணே, சரக்கு நாங்களே கொண்டாந்துட்டோம். டம்ளரும் தண்ணியும் மட்டும் குடுங்க, அந்தக் குடையும் இருந்தா குடுங்க" என்றார்.

அவர்களைக் கும்பிட்டு இறக்கிவிட்டேன். இரண்டாம் நாள் ஒரு குடும்பம் வாசல் வரை வந்தது. அப்பா ஃப்ளெக்ஸைப் பார்த்தார், அம்மா பார்த்தார், பிள்ளைகள் அதைவிடக் கவனமாகப் பார்த்தார்கள், வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் டீச்சர் வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர், பக்கத்துத் தெரு. மனைவிக்கு நல்ல பழக்கம், என்னிடம் அதுவரை ஒரு தலையசைப்போடு சரி. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியேறி, "தம்பி, இந்த ஏரியாவில் குடும்பங்கள் இருக்கு, கோயில் இருக்கு, சர்ச் இருக்கு. நீங்க பண்றது முறையா?" என்றார்.

ஒரு சர்பத்தை நீட்டினேன். முதலில் மோந்து பார்த்தார். பிறகு ஒரு வாய். பிறகு உட்கார்ந்தார். "நன்னாரிதான்" என்று ஒப்புக்கொண்டார். "பின்னே எதுக்கு அந்தப் பொண்ணு அப்படிச் சிரிக்கிறா?"

அன்றைக்கே ஃப்ளெக்ஸை இறக்கி, சுண்ணாம்புப் பலகையில் நானே எழுதி வைத்தேன்: நாலு முதல் ஆறு, ஒரு தட்டு வாங்கினால் ஒரு தட்டு இலவசம். இதற்கும் ஆள் வரவில்லை. எதிர்த்த டீக்கடைக்காரர்தான் காரணம் சொன்னார்.

"அண்ணே, ஆடியில இலவசம்னா என்ன அர்த்தம்? துணிக்கடைக்காரன் பழச தள்ளி விடுறான்னு அர்த்தம். ஒங்க வடை எப்பச் சுட்டதுன்னு என்கிட்டயே நாலு பேரு கேட்டுட்டாங்க. ஒருத்தரு, போன ஆடியில சுட்டதான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் சத்தியம் பண்ணுனேன்ணே. அதுக்கப்புறம்தான் அவருக்குச் சந்தேகம் சாஸ்தியாச்சு."

ஆடியில் பாதி போய்விட்டது. பௌர்ணமியன்று அழகர்கோவில் தேருக்கு ஊரே கிளம்பியதில் கீழ்க்கடையே காலி. மாடியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டயர் வாசனை எப்படி இருக்கும் என்று என் மனதுக்குள் வர ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் சாயங்காலம் மனைவி காலி மாடியில் வந்து நின்று, ஜன்னல் வழியாக பஸ் ஸ்டாப்பைப் பார்த்தாள். கீழே நாலு பெண்கள் நின்றுகொண்டே பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, ஒங்க தங்கச்சி கல்யாணத்துக்கு ரோட்டுல போனவன் எவனையாவது கூப்பிட்டோமா?"

"இல்ல."

"ஆனா எம்புட்டுப் பேரு வந்தாக? அவரு சொன்னாரு, இவரு சொன்னாரு, மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டியவன்னு. பந்தியில எடம் கெடைக்கல. பலகை வச்சுக் கூப்பிட்டா எவனும் வரமாட்டான். தெரிஞ்சவகளுக்கு மட்டும்னு சொல்லுங்க. யாருக்கும் சொல்லாதன்னு ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லுங்க."

யாரிடம் சொல்வது என்று யோசிக்கவே இல்லை. நேராக டீக்கடைக்குப் போய், டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் காதருகே குனிந்து, குரலைத் தாழ்த்தினேன். "பலகைய எடுத்துட்டேன். இனிமே நாலு டு ஆறு நமக்கு வேண்டப்பட்டவங்களுக்கு மட்டும்தான். நீங்க சொல்லி அனுப்புனா ஒரு தட்டுக்கு ரெண்டு தட்டு, சர்பத்தும் உண்டு. வெளிய யாருக்கும் தெரிய வேணாம்."

அவர் கண் விரிந்தது. டீ ஆற்றுகிற கை நடுவானில் நின்றது. "என் வாயி பூட்டு போட்ட வாயிண்ணே" என்றார்.

பூட்டு மறுநாள் நாலு மணி வரைகூடத் தாங்கவில்லை. மூன்றே முக்காலுக்கு இரண்டு பேர் படியில் நின்று, சுற்றுமுற்றும் பார்த்து, "டீக்கடை அண்ணன் சொன்னாரு" என்றார்கள். அதற்கு அடுத்த நாள் ஆறு பேர். அதற்கு அடுத்த நாள், "டீக்கடை அண்ணனோட சகலை எங்க கம்பெனி சூப்பர்வைசர், அவரு சொல்லி வந்துருக்கோம்" என்று ஏழெட்டுப் பெண்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி ஏறினார்கள். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைய சுக்காவில் மிளகு கொஞ்சம் தாராளமாக இருந்தது.

இதற்கெல்லாம் வாசலில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. யார் கேட்டாலும் உள்ளே விட்டால் சிபாரிசுக்கு என்ன மரியாதை? டீச்சர்தான் தானாக முன்வந்தார். படியேறியதும் இருக்கிற முதல் மேசை அவருடையது. சர்பத் ஒன்று, வாழைப்பூ வடை இரண்டு, பரீட்சை ஹாலில் கண்காணிப்பாளராக உட்காருகிற அதே தோரணை. ஏறுகிற ஒவ்வொருவரையும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஒரே கேள்வி: "யார் சொல்லி வந்தீங்க?"

பதில் சரியாக வந்தால் ஒரு தலையசைப்பு. வரவில்லை என்றால், "கீழ போய், தெரிஞ்ச யாரையாவது கேட்டுட்டு வாங்க." கீழே எதிரில் டீக்கடை. டீக்கடைக்காரருக்கு ஒரு டீ வியாபாரம், இங்கே ஒரு சிபாரிசு. அவர் சொல்லி அனுப்பாத ஆளே கிடையாது.

சில நாளில் எனக்கு ஒன்று புரிந்தது. இரண்டாவது தட்டுக்காக யாரும் வரவில்லை. எங்கள் ஊரில் ஒருவனுக்குப் பெரிய சந்தோஷம், "என் பேரச் சொல்லு, உள்ள விடுவாங்க" என்று இன்னொருவனிடம் சொல்வதுதான். ஆஸ்பத்திரிக்கோ ஆபீஸுக்கோ அப்படிச் சொல்லி அனுப்பினால் அங்கே செல்லுமா என்ற பயம் இருக்கும். எங்கள் மாடியில் எல்லோர் பேரும் செல்லுபடியானது. ஒருநாள் யாரென்றே தெரியாத ஒருவர் போன் பண்ணி, "மாப்ள, நாலு பேர அனுப்புறேன், நம்மாளுக, பாத்துக்கங்க" என்றார். "சரி மாப்ள" என்றேன். இன்றுவரை அவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

இந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் தனியாகத் தெரிந்தார். சட்டையை முழங்கை வரை மடித்த, கனத்த ஆள். முதல் நாள் டீச்சர் கேட்டபோது, "எங்க மச்சான்தான் மாடியப் போய்ப் பாத்துட்டு வான்னாரு" என்றார். மச்சான் சொன்னால் சரிதானே, டீச்சர் தலையசைத்துவிட்டார். அவர் உட்காரவில்லை. பாக்கெட்டிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து இரண்டு தூணுக்கு நடுவே அளந்தார். ஜன்னலை அளந்தார். என்னிடம், "இந்தத் தரை எம்புட்டு வெயிட்டு தாங்கும்ணே?" என்று கேட்டார். திரைச்சீலை விற்கிறவர் என்று நினைத்து ஒரு தட்டு கோலா உருண்டை கொடுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு உட்கார்ந்தார். இரண்டாவது தட்டு வந்ததும் டேப்பைச் சுருட்டி உள்ளே வைத்தார். மறுநாளிலிருந்து நாலு மணிக்கு ஜன்னலோர மேசை அவருடையது. டேப் திரும்ப வெளியே வரவே இல்லை.

ஆடிக் கடைசி நாள். ஓனர் வந்து கண்ணால் பார்க்க வேண்டிய நாள். மூன்றரையிலிருந்தே நான் படியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலேகாலுக்கு மாடி நிறைந்தது. நாலரைக்குள் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டும் இடம் போதவில்லை. அடுப்படியில் மனைவி, நான் சர்பத் கலக்கிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் படிப்பக்கம் ஒரு பழக்கமான குரல் உயர்ந்தது.

"என்னம்மா கேக்குறீங்க? நான் யாரு தெரியுமா?"

"அது எனக்குத் தேவையில்ல சார். யார் சொல்லி வந்தீங்க?"

எட்டிப் பார்த்தேன். ஓனர் மேல்படியில் நிற்கிறார். டீச்சர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்து வழியை அடைத்து உட்கார்ந்திருக்கிறார். என் கையிலிருந்த சர்பத் சட்டையெல்லாம் ஆனது. ஓடினேன். கூட்டத்துக்குள் ஓட முடியவில்லை.

"இது என் கட்டடம்!" என்றார் ஓனர்.

"இருக்கட்டும் சார். கட்டடம் உங்களது. நாலுலருந்து ஆறு இவங்களது. யாராவது சொல்லியிருந்தா சொல்லுங்க, விட்டுடறேன்."

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கப்பலூரில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் வாயை மூடி நான் பார்த்ததில்லை. ஓனரின் காது சிவந்துகொண்டே வந்தது. போச்சு, நாளைக்கு விடிந்ததும் டயர்தான் என்று நினைத்தேன். அந்த அமைதியில், ஜன்னலோரத்திலிருந்து வாயில் கோலா உருண்டையோடு ஒரு குரல் வந்தது.

"டீச்சர், விடுங்க. நம்ம மச்சான்தான். நான் சொல்றேன்."

கனத்த ஆள் எழுந்து நின்றார். ஓனர் அவரைப் பார்த்தார். வாய் திறந்தது.

"டேய் மாப்ள! நீ இங்க என்னடா பண்ற? எடத்த அளந்துட்டு வாடான்னு அனுப்பி பத்து நாளாச்சு, கேட்டா அளக்குறேன் அளக்குறேன்ங்குற!"

"அளந்துக்கிட்டுத்தான் மச்சான் இருக்கேன். தெனமும் வந்து அளக்குறேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. திரைச்சீலைக்காரரும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் மாடியில் டயர் அடுக்க வந்த மச்சினன் இவர்தான். எங்கள் டயருக்குத்தான் நான் தினமும் இரண்டு தட்டு உருண்டை ஊட்டியிருக்கிறேன்.

டீச்சர் மட்டும் இளகவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஒரு நிமிஷம். முதல் நாள் இவரை அனுப்பினது இவரோட மச்சான். அந்த மச்சான் நீங்கதானா சார்? அப்போ இவருக்கு நீங்க சிபாரிசு, உங்களுக்கு இவர் சிபாரிசு. ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கிட்டா அது எப்படிச் செல்லும்?"

அந்த இடத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண், "டீச்சர், நான் சொல்றேன், விடுங்க" என்றாள். இன்னொருத்தி, "நானும்" என்றாள். அப்புறம் எல்லா மேசையிலிருந்தும், "நம்மாளுதான் டீச்சர்", "தெரிஞ்சவர்தான்", "எங்க ஊருக்காரர்தான்". ஓனரை அதற்கு முன் பார்த்தே இராதவர்களெல்லாம் அவருக்குச் சிபாரிசு செய்தார்கள். டீக்கடைக்காரர் கீழே இருந்தே, விஷயம் என்னவென்று தெரியாமல், "நான்தாண்ணே சொன்னேன்!" என்று கத்தினார்.

டீச்சர் நாற்காலியை நகர்த்தினார். "உள்ள போங்க சார். ஆனா உட்கார இடமில்ல. யாராவது எழுந்தா பாக்கலாம்."

ஓனர் நடு ஹாலில் போய் நின்றார். போன தடவை கைதட்டிப் பார்த்த அதே இடம். சுற்றிலும் பார்த்தார். கையைத் தட்டவில்லை. தட்டியிருந்தாலும் கேட்டிருக்காது, அதற்குள் ஹால் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டது. மச்சினன் தன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். "உக்காருங்க மச்சான். சூடா இருக்கு. ஒரு தட்டுக்கு ரெண்டு தட்டு. நான் நின்னுக்கிறேன்."

ஓனர் ஒரு உருண்டையை வாயில் போட்டார். மென்றுகொண்டே மெதுவாகக் கேட்டார்: "அப்ப டயரு?"

"டயருக்கு அவனியாபுரத்துல ஒரு கொட்டகை பாத்துட்டேன் மச்சான். ரோட்டு மேல. டயரு எங்க கெடந்தாலும் டயருதான். இங்க ஏத்திட்டா நாலு மணிக்கு நான் எங்க போறது?"

நான் இரண்டாவது தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். வைத்த வேகத்தில் ஒரு உருண்டை மேசையில் உருண்டது. ஓனர் அதையும் எடுத்துச் சாப்பிட்டார். "கண்ணால பாத்துட்டேன் தம்பி" என்றார். அவ்வளவுதான். அடுப்படி வாசலில் நின்றிருந்த என் மனைவி கரண்டியோடு உள்ளே திரும்பினாள். உள்ளே போனவள் எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஆறு மணிக்குக் கிளம்பும்போது ஓனர் என் தோளில் கைபோட்டுப் படிவரை கூட்டிப் போனார். டீச்சருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ஆவணியில எங்க ஆளுக நாலு பேர அனுப்பலாம்னு பாக்குறேன். என் பேரச் சொன்னா உள்ள விடுவாங்கள்ல?"

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தார்.

"அத டீச்சர்கிட்டதாண்ணே கேக்கணும்" என்றேன்.

டீச்சர் அவரைக் கண்ணாடிக்கு மேலாக ஒருதரம் பார்த்தார். "முதல்ல நீங்க ஒரு வாரம் ஒழுங்கா வாங்க சார்" என்றார். "அப்புறம் பாக்கலாம்."

அடுத்த நாளிலிருந்து மனிதர் மதியம் தூங்குவதை நிறுத்திவிட்டார்.